ஜாங்கோ அட்மின்ல ரெக்கார்டை இழுத்துப் போட்டு வரிசை மாத்துறது: உள்ளுக்குள்ள என்ன நடக்குது

ஒரு டிபன் கடைக்கு ஜாங்கோல, அதாவது பைத்தான்ல வெப்சைட் கட்டுற ஃப்ரேம்வொர்க்ல, சைட் பண்றீங்கன்னு வச்சுக்குவோம். மெனு ஐட்டம்னு ஒரு மாடல் (டேட்டாபேஸ்ல ஒரு டேபிளுக்கான வரையறை), அதுல பேரு, விலை, படம், அவ்ளோதான். அட்மின்ல, அதான் டேட்டாவ ஏத்தவும் திருத்தவும் ஜாங்கோவே குடுக்குற பக்கத்துல, ரெஜிஸ்டர் பண்ணியாச்சு, கடைக்காரரே உள்ள போய் இட்லி, பொங்கல், வடை, தோசை, காபின்னு எல்லாத்தையும் ஏத்திட்டாரு. அப்புறம் ஒரு போன் வரும் பாருங்க, "தம்பி, பொங்கல மேல கொண்டு வாங்க, காலைல அதான் ஓடுது, காபிய கடைசில போடுங்க"ன்னு. இதுல என்ன இருக்குன்னு உட்கார்ந்தா, அட்மின்ல வரிசை மாத்துறதுக்குன்னு ஒரு பட்டன் கூட இல்ல. மவுஸால பிடிச்சு இழுத்தா நகரணும், அதான் அவரு எதிர்பாக்குறது, போன்ல ஆப் ஐக்கானை எல்லாம் அப்படித்தானே நகத்துறோம்.

பேரை வச்சு அகர வரிசைல அடுக்கிடலாமேன்னு தோணும். அடுக்கினா இட்லி, காபி, தோசை, பொங்கல், வடைன்னு வரும், காபி இட்லிக்கும் தோசைக்கும் நடுவுல வந்து நிக்கும், எந்தக் கடைலயும் யாரும் அந்த வரிசைல சாப்பிட மாட்டாங்க.

சரி, இழுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு புரிஞ்சுக்கணும், இது புரியாம நேரா ஜாவாஸ்கிரிப்ட்ல குதிக்கிறவங்கதான் அப்புறம் முழிக்கிறாங்க. டேட்டாபேஸ் டேபிள்ல வரிசைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நீங்க முதல்ல இட்லிய ஏத்தினீங்க, அதனால இட்லி முதல் ரோன்னு நினைக்கிறோம் இல்லையா, டேபிளுக்கு அப்படி எந்தக் கடமையும் இல்ல. குவெரில, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வில, ஆர்டர் பைன்னு சொல்லாத வரைக்கும் டேட்டாபேஸ் தனக்கு எது வசதியோ அந்த வரிசைல குடுக்கும். போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸ்ல இத நல்லாவே பாக்கலாம், ஒரு ரோவை அப்டேட் பண்ணா அது பழைய ரோவை அதே இடத்துல திருத்தாது, புதுசா ஒரு வெர்ஷன் எழுதி வைக்கும், அதனால வடைக்கு விலைய ரெண்டு ரூபா ஏத்தினதும் வடை சைட்ல கடைசிக்குப் போயிடலாம், நீங்க வரிசையத் தொடவே இல்லைன்னாலும்.

இதுக்கு மேல இன்னொரு குழப்பம் வேற. மாடல்ல வரிசை எதுவும் சொல்லலைன்னா அட்மின் லிஸ்ட் தானாவே ஐடிய தலைகீழா வச்சு அடுக்கும், கடைசியா ஏத்தினது மேல வரும். ஆனா உங்க சைட் பக்கத்துக்கான வியூல (ரிக்வெஸ்ட்ட வாங்கி பதில் குடுக்குற ஃபங்ஷன்ல) அந்த ஏற்பாடு இல்ல. ஆக அட்மின்ல ஒரு வரிசை, சைட்ல ஒரு வரிசை. ஜாங்கோ அமெரிக்கால கான்சாஸ் மாநிலத்துல ஒரு செய்தித்தாள் ஆபீஸ்ல உருவாகி 2005ல வெளிய வந்தது, செய்திக்கு தேதிதானே வரிசை, புதுசு மேல, பழசு கீழ, அந்த வாசனை இன்னும் கொஞ்சம் இருக்குன்னு எனக்குத் தோணும்.

அப்போ வரிசை வேணும்னா அதையும் ஒரு டேட்டாவா நாமதான் சேத்து வைக்கணும். மாடல்ல இன்னொரு ஃபீல்டு, பாசிட்டிவ் இன்டிஜர் ஃபீல்டு, டீஃபால்ட் 0. பேரு பொசிஷன்னு வைங்க. நிறைய பேரு ஆர்டர்னே பேரு வைப்பாங்க, ஜாங்கோ தன் குவெரில மேற்கோள் போட்டு சமாளிச்சுக்கும்தான், ஆனா அது டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லோட சொந்த வார்த்தை, நாளைக்கு நீங்களே கைல ஒரு குவெரி எழுதும்போது எரர் வரும், அதுவும் போக கடை சைட்ல ஆர்டர்னா கஸ்டமர் ஆர்டர்னு வேற அர்த்தம் இருக்கு. அப்புறம் மாடலுக்குள்ள அதோட அமைப்புகள எழுதுற மெட்டா கிளாஸ்ல ஆர்டரிங்ங்கிற இடத்துல பொசிஷன், அதுக்கு அடுத்து ஐடின்னு ரெண்டையும் குடுங்க. ஐடி எதுக்குன்னா ரெண்டு ரெக்கார்டுக்கு ஒரே நம்பர் வந்துட்டா யாரு முன்னாடின்னு தீர்மானிக்க ஒண்ணு வேணும், இல்லைன்னா மறுபடி டேட்டாபேஸ் இஷ்டம். இந்த ஆர்டரிங்க அட்மின் கிளாஸ்லயும் குடுக்கலாம், ஆனா அங்க குடுத்தா அட்மினுக்கு மட்டும்தான் செல்லும். மெட்டால குடுத்தா அட்மின், சைட் எல்லாத்துக்கும் டீஃபால்ட் வரிசை அதுவே ஆயிடும், நமக்கு அதான் வேணும்.

மாடல்ல செஞ்ச மாற்றத்த டேட்டாபேஸுக்குக் கொண்டு போற மைக்ரேஷன ஓட்டினதும் பழைய ரெக்கார்டு எல்லாத்துக்கும் பொசிஷன் 0ன்னு உட்கார்ந்துடும். இத அப்படியே விட்டுட்டு மேல போயிடாதீங்க. ரன் பைத்தான்ங்கிற வசதி வச்சு, உள்ள இருக்குற டேட்டாவையே மாத்துற ஒரு டேட்டா மைக்ரேஷன் எழுதி, ஐடி வரிசைல 1, 2, 3ன்னு நம்பர் போட்டுடுங்க, பத்து வரி கூட வராது. எதுக்கு இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, பின்னாடி வர்ற ஒரு முக்கியமான தந்திரம் எல்லா நம்பரும் வேற வேறயா இருந்தாத்தான் வேலை செய்யும். புதுசா ஏத்துற ரெக்கார்டுக்கும் இதே பிரச்சனை இருக்கு, டீஃபால்ட் 0 ஆச்சே, அதனால புது ஐட்டம் எல்லாம் மெனு உச்சில போய் உட்காரும், மாடலோட சேவ் ஃபங்ஷன்ல இது புது ரெக்கார்டா இருந்தா இருக்குறதுலயே பெரிய பொசிஷன எடுத்து ஒண்ணு கூட்டி வைன்னு எழுதிட்டா கடைசில போய்ச் சேரும். ரெண்டு பேரு ஒரே நொடில ஏத்தினா ரெண்டுக்கும் ஒரே நம்பர் வரலாம், வரட்டும், மெனுவுக்கு அதனால குடி முழுகிடாது.

இப்போ கவனிங்க, வரிசை இங்கயே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு, இன்னும் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கூட எழுதல. அட்மின் கிளாஸ்ல லிஸ்ட் எடிட்டபிள்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல பொசிஷன சேத்துட்டா லிஸ்ட் பக்கத்துலயே ஒவ்வொரு ரோவுலயும் ஒரு நம்பர் பாக்ஸ் வந்துடும், மாத்திட்டு கீழ சேவ் அமுக்கினா முடிஞ்சது. ரெண்டு நிபந்தனை இருக்கு. அந்த ஃபீல்டு லிஸ்ட் டிஸ்ப்ளேலயும் இருக்கணும், அதே ஃபீல்டு எடிட் பக்கத்துக்குப் போற லிங்க்காவும் இருக்கக் கூடாது. முதல் ஃபீல்டுதான் தானா லிங்க் ஆகும்ங்கிறதால பொசிஷன முதல்ல வச்சா ஜாங்கோ எரர் குடுக்கும், பேர முதல்ல வச்சுட்டு பொசிஷன அடுத்து வைங்க. நம்பரை 10, 20, 30ன்னு இடைவெளி விட்டுப் போட்டா நடுவுல நுழைக்க 15 இருக்கும், பழைய பேசிக் மொழில புரோகிராம் எழுதினவங்க லைன் நம்பருக்கு இதத்தான் பண்ணுவாங்க. பத்து, பதினஞ்சு ரெக்கார்டு, மாசத்துக்கு ஒருதடவ மாத்துறதுன்னா இதோட நிறுத்திக்கலாம்னுதான் நான் சொல்வேன், இழுக்குறது அழகா இருக்கும், ஆனா பராமரிக்கவேண்டிய கோடும் கூடவே வரும்.

இல்ல, கடைக்காரர் தினம் காலைல மெனுவ மாத்துவாரு, நம்பர் எல்லாம் அவருக்கு ஒத்து வராதுன்னா இழுக்குற வசதி பண்ணிடுவோம். இதுல மூணு வேலை இருக்கு: பிரவுசர்ல ரோ நகரணும், நகந்த விஷயத்த சர்வருக்குச் சொல்லணும், சர்வர் பொசிஷன் நம்பர மாத்தி எழுதணும். முதல் வேலைதான் கண்ணுக்குத் தெரியிறது, கஷ்டம் மூணாவதுல இருக்கு.

பிரவுசர்லயே டிராக் அண்ட் டிராப்புக்குன்னு ஒரு ஏபிஐ (நம்ம கோடு கூப்பிட்டுக்குற வசதி) இருக்கு, 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்தது, பிறகு எச்டிஎம்எல்5ல ஸ்டாண்டர்டா சேந்துச்சு. ஆனா அது கொஞ்சம் முரட்டுப் பிள்ளை, டச் ஸ்க்ரீன்ல அத நம்ப முடியாது, அதனால நேரா அத எழுதாம சார்ட்டபிள் ஜேஎஸ்ங்கிற லைப்ரரிய எடுத்துக்குறது நல்லது, டச்சையும் அதுவே பாத்துக்கும். அட்மின் கிளாஸுக்குள்ள மீடியான்னு ஒரு உள் கிளாஸ் எழுதி உங்க ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் பேர குடுத்தா லிஸ்ட் பக்கத்துல அது லோட் ஆகும். லிஸ்ட் டேபிளோட உடம்புப் பகுதிய சார்ட்டபிள்கிட்ட குடுத்தா ரோ நகர ஆரம்பிச்சிடும். ரோ முழுக்க இழுக்குற மாதிரி விட்டா லிங்க்க கிளிக் பண்றதும் பாக்ஸ்ல டைப் பண்றதும் தொல்லையாகும், அதனால ஓரத்துல ஒரு சின்ன பிடி வச்சு அதப் பிடிச்சா மட்டும் நகரட்டும்னு சொல்லிடுங்க. எந்த ரோ எந்த ரெக்கார்டுன்னு எப்படித் தெரியும்னு கேக்கலாம், லிஸ்ட்ல ஒவ்வொரு ரோ முன்னாடியும் ஆக்ஷனுக்காக ஒரு செக்பாக்ஸ் இருக்குல்ல, அதோட வேல்யூவே அந்த ரெக்கார்டோட ஐடிதான், அத எடுத்துக்கலாம்.

ரோவ விட்டதும் என்ன அனுப்புறது? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஏழாவது இடத்துல இருந்தது மூணாவதுக்கு வந்துச்சுன்னு நகந்த ஒண்ணப் பத்தி மட்டும் சொல்றது. இன்னொண்ணு, இப்போ ஸ்க்ரீன்ல தெரியிற ஐடி எல்லாத்தையும் வரிசையா ஒரு லிஸ்ட்டா அனுப்புறது. முதல் வழில சர்வர் செய்யவேண்டியது ரேஷன் கடை கியூல நடுவுல ஒருத்தர விட்டா நடக்குறதுதான், 3ல இருந்து 6 வரைக்கும் நிக்கிறவங்க ஒரு அடி பின்னாடி போகணும், அப்புறம் ஏழாவது ஆள் 3க்கு வரணும். எஃப் எக்ஸ்பிரஷன் (இருக்குற மதிப்ப வச்சு டேட்டாபேஸுக்குள்ளயே கணக்கு போடுறது) வச்சு ரெண்டே குவெரில முடிச்சிடலாம். மேல இருந்து கீழ இழுத்தா திசை மாறும், கூட்டுறதுக்குப் பதிலா கழிக்கணும், இங்கதான் ஒண்ணு கூடக் குறைய வந்து சொதப்பும். ஆரம்பத்துல பண்றவங்களுக்கு ரெண்டாவது வழிதான் நான் சொல்லுவேன், ஸ்க்ரீன்ல என்ன தெரியுதோ அதுதான் உண்மைன்னு எடுத்துக்கலாம், திசைக் கணக்கு கிடையாது.

சர்வர் பக்கம் இத வாங்கிக்க ஒரு யூஆர்எல் வேணும். அட்மின் கிளாஸ்ல கெட் யூஆர்எல்ஸ்னு ஒரு ஃபங்ஷன், அத ஓவர்ரைட் பண்ணி உங்க யூஆர்எல்ல ஏற்கனவே இருக்குறதுக்கு முன்னாடி சேருங்க, பின்னாடி சேத்தா அட்மினோட பொதுவான பேட்டர்ன் முந்திக்கிட்டு உங்களத ஒரு ரெக்கார்டு ஐடின்னு நினைச்சுக்கும். வியூவ அப்படியே குடுக்காம அட்மின் சைட்டோட அட்மின் வியூங்கிறதுல சுத்திக் குடுங்க, லாகின் பண்ண ஸ்டாஃப் மட்டும்தான் உள்ள வர முடியும். அது மட்டும் போதாது, ஸ்டாஃப் எல்லாருக்கும் மாத்துற உரிமை இருக்குன்னு அர்த்தமில்ல, ஹேஸ் சேஞ்ச் பர்மிஷன்னு தனியா கேட்டுக்கணும். போஸ்ட் ரிக்வெஸ்ட் மட்டும் ஏத்துக்கணும், கெட் வெறுமனே படிக்கிறதுக்கு, அதுல டேட்டாவ மாத்தாதீங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல இருந்து அனுப்பும்போது சிஎஸ்ஆர்எஃப் டோக்கன (ரிக்வெஸ்ட் நம்ம பக்கத்துல இருந்துதான் வருதுன்னு காட்டுற ரகசியக் குறி) ஹெட்டர்ல வைக்கலைன்னா 403, அதாவது அனுமதி இல்லைன்னு திருப்பி அனுப்பிடும், எல்லாம் சரியா எழுதியும் வரிசை சேவ் ஆகலைன்னா முதல்ல இதத்தான் பாக்கணும்.

இப்போ அந்தத் தந்திரத்துக்கு வருவோம். ஐடி லிஸ்ட் வந்துச்சு, முதல்ல இருக்குறதுக்கு 1, அடுத்ததுக்கு 2ன்னு போட்டுட்டா முடிஞ்சதுன்னு தோணுதா? அட்மின் லிஸ்ட் ஒரு பக்கத்துக்கு 100 ரெக்கார்டுதான் காட்டும். ரெண்டாவது பக்கத்துல நின்னு ஒருத்தர் இழுத்தா அங்க இருக்குற 100க்கும் 1 முதல் 100 வரைக்கும் நம்பர் விழுந்து, முதல் பக்கத்து ரெக்கார்டோட கலந்து எல்லாம் கூட்டுக்கஞ்சி ஆயிடும். கேட்டகிரி ஃபில்டர் போட்டுட்டு இழுத்தாலும் இதே கதி, தேடல் பெட்டில ஏதாவது தேடிட்டு இழுத்தாலும் இதே கதி.

அதனால புது நம்பர் குடுக்காதீங்க, அந்த ரெக்கார்டுகள் ஏற்கனவே வச்சிருந்த நம்பரையே எடுத்து அவங்களுக்குள்ளயே மாத்திப் பகிர்ந்து குடுங்க. டிபன்னு ஃபில்டர் போட்டதும் மூணு தெரியுதுன்னு வைங்க, இட்லி 4, பொங்கல் 9, தோசை 15. தோசைய மேல இழுத்தாச்சு, சர்வருக்கு தோசை, இட்லி, பொங்கல்னு லிஸ்ட் வருது. மூணோட நம்பரையும் எடுத்து சின்னதுல இருந்து அடுக்குனா 4, 9, 15, அத வந்த வரிசைல குடுத்தா தோசை 4, இட்லி 9, பொங்கல் 15. நடுவுல 5, 6, 10ன்னு இருக்குற ஜூஸ், ஸ்வீட் எதையும் தொடவே இல்ல, அது அதது எடத்துல இருக்கு. ரெண்டாவது பக்கமா இருந்தா அந்தப் பக்கத்து நம்பரே சுத்தி வரும், முதல் பக்கத்துக்கு ஒரு சேதமும் இல்ல. எல்லா ரெக்கார்டும் 0ன்னு இருந்தா இது ஒண்ணுமே செய்யாதுன்னு இப்போ தெரியுதா, மூணு 0வ எப்படி மாத்திக் குடுத்தாலும் 0தான், டேட்டா மைக்ரேஷன அதுக்குத்தான் அழுத்திச் சொன்னேன்.

ஒண்ணு மட்டும் இந்தத் தந்திரத்தால சரி பண்ண முடியாது. லிஸ்ட்ல விலைன்னு இருக்குற தலைப்ப கிளிக் பண்ணி விலை வாரியா அடுக்கி வச்சுட்டு இழுத்தா, திரைல தெரியிற வரிசை வேற, பொசிஷன் வரிசை வேற, ஒரு ரோவ நகத்தினதுக்கு மொத்த லிஸ்ட்டும் விலை வரிசைக்குப் போயிடும். அப்படி அடுக்கியிருக்கும்போது பிடியவே மறைச்சிடணும், வேற வழி இல்ல.

எழுதுறப்போ எல்லாத்தையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள்ள (நடந்தா எல்லாம் நடக்கும், இல்லைன்னா எதுவுமே நடக்காதுங்கிற கட்டு) வைங்க, பாதில நின்னா பாதி வரிசை மாறி பாதி மாறாம இருக்கும், அது மாறாமலே இருக்குறத விட மோசம். 2019ல ஜாங்கோ 2.2ல வந்த பல்க் அப்டேட் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், நூறு ரெக்கார்டுக்கு நூறு குவெரி போகாது. ஆனா அது சேவ் ஃபங்ஷன கூப்பிடாது, சேவ் ஆச்சுன்னு மத்த கோடுக்குச் சொல்ற சிக்னலும் அனுப்பாது, சேவ் ஆனதும் மெனு கேஷ (வேகத்துக்காக எடுத்து வச்ச நகல) அழின்னு நீங்க சிக்னல்ல எழுதி வச்சிருந்தா அது ஓடாது, அட்மின்ல வரிசை மாறியிருக்கும், சைட்ல பழைய மெனுவே தெரியும், கேஷ அந்த வியூலயே கையோட அழிச்சிடுங்க.

பொசிஷனுக்கு யூனிக், அதாவது ஒரே நம்பர் ரெண்டு ரெக்கார்டுக்கு வரக் கூடாதுன்னு, போட்டா இன்னும் பத்திரம்னு ஒரு ஆசை வரும். போடாதீங்க. 3ல இருக்குறத 4க்கு மாத்துற நொடில 4ல இன்னொருத்தர் இருப்பாரு, கடைசில எல்லாம் சரியா வந்துடும்னாலும் டேட்டாபேஸ் அதுவரைக்கும் காத்திருக்காது, அங்கயே எரர். டிரான்சாக்ஷன் முடியும்போது மட்டும் சரி பாருன்னு சொல்ல டிஃபரபிள்னு ஒரு வழி இருக்கு, ஜாங்கோ 3.1ல இருந்து சேத்துருக்காங்க, போஸ்ட்கிரஸ்ல ஓடும், மைஎஸ்க்யூஎல்லயும் எஸ்க்யூலைட்லயும் கிடையாது.

பிரவுசர்ல ஒரு சின்ன விஷயம் பாக்கி, ரோவ விட்டதும் கண்ணுக்கு நகந்துடுச்சு, ஆனா சர்வர் எரர் குடுத்துருச்சுன்னா? கடைக்காரர் மாறிடுச்சுன்னு நினைச்சு டேபை மூடிட்டுப் போயிடுவாரு. சேவ் ஆகலைன்னா ரோவ பழைய இடத்துக்கே திருப்பி, மேல சிவப்புல ஒரு வரி காட்டணும்.

இவ்ளோ வேலையா, ரெடிமேடா எதுவும் இல்லையான்னா, இருக்கு, ஜாங்கோ அட்மின் சார்ட்டபிள் 2ன்னு ஒரு பேக்கேஜ், இதுவும் உள்ளுக்குள்ள சார்ட்டபிள் ஜேஎஸ்தான் வச்சிருக்கு. பிப்ல இன்ஸ்டால் பண்ணி, இன்ஸ்டால்டு ஆப்ஸ்ல சேத்து, அட்மின் கிளாஸ் எழுதும்போது சார்ட்டபிள் அட்மின் மிக்ஸின்ன (கூடுதல் வசதிய ஒட்ட வைக்கிற கிளாஸ்) மாடல் அட்மினுக்கு முன்னாடி போடணும், மாத்திப் போட்டா வேலை செய்யாது. மெட்டால ஆர்டரிங் இருக்கணும், அந்த ஆர்டரிங்ல முதல் ஃபீல்டு பொசிஷனா இருக்கணும். பழைய ரெக்கார்டுக்கு நம்பர் போட ரீஆர்டர்னு ஒரு கமாண்டும் கூட வருது, வேற ஃபீல்டு வச்சு அடுக்கியிருந்தா பிடியையும் அதுவே முடக்கிடும். ஒரு கேட்டகிரி பக்கத்துக்குள்ளயே அதோட ஐட்டங்கள இன்லைனா காட்டி அங்க இழுக்கணும்னா அதுக்கும் தனியா ஒரு மிக்ஸின் இருக்கு. சொந்தமா எழுதுறதா, இத எடுத்துக்குறதான்னா நான் இதத்தான் எடுத்துப்பேன், ஆனா மேல சொன்னது தெரிஞ்சிருந்தாத்தான் இது சண்டித்தனம் பண்ணும்போது எங்க பாக்கணும்னு தெரியும்.

ஆயிரக்கணக்குல ரெக்கார்டு, ஒரே நேரத்துல பல பேரு இழுக்குறாங்கன்னா நம்பர மொத்தமா மாத்தி எழுதுறதே பாரம் ஆயிடும். அங்க ரெண்டு ரெக்கார்டுக்கு நடுவுல ஒரு மதிப்ப கண்டுபிடிச்சு நகந்த ஒண்ண மட்டும் மாத்துவாங்க, ஃபிக்மாங்கிற டிசைன் ஆப், ஜிராங்கிற வேலைப் பட்டியல் ஆப் எல்லாம் இந்த வழிதான். 1க்கும் 2க்கும் நடுவுல 1.5ன்னு ஃப்ளோட்டுல (தசம எண்ணுல) ஆரம்பிச்சா திரும்பத் திரும்ப ஒரே இடைவெளில நுழைக்கும்போது அம்பது சொச்சம் தடவைல துல்லியம் தீந்து போயிடும், ஜிரால நம்பருக்குப் பதில் எழுத்துச் சரம் வச்சிருக்காங்க, லெக்ஸோரேங்க்னு பேரு. டிபன் கடைக்கு இது வேண்டாத வேலை.

கடைசியா, இழுக்க முடியாதவங்களும் இருக்காங்க, கை நடுங்குறவங்க, கீபோர்டு மட்டும் வச்சு வேலை செய்யிறவங்க. வெப் பக்கத்த எல்லாராலயும் பயன்படுத்த முடியணும்னு எழுதின வழிகாட்டி, 2023ல வந்த டபிள்யூசிஏஜி 2.2, இழுத்துச் செய்யிற எதுக்கும் இழுக்காம செய்யிற வழியும் இருக்கணும்னு கேக்குது. சொந்தமா எழுதுறீங்கன்னா பெருசா ஒண்ணும் பண்ண வேணாம், முன்னாடி போட்ட அந்த நம்பர் பாக்ஸ எடுக்காம அப்படியே விட்டுடுங்க, ஒரு ரெக்கார்ட 180வது இடத்துல இருந்து மேல கொண்டு வர்றதுக்கு பக்கம் பக்கமா இழுக்குறத விட அதுல 0ன்னு அடிக்கிறது எல்லாருக்குமே சுலபம்.